‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளையும் கொழும்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளின் பெற்றோர் முன்பள்ளி வாசலிலும் தொடர்மாடி லிஃப்டிலும் கடற்கரையிலும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பள்ளியில் கற்பித்த அனுபவமும், கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் ஐந்து வயது மகளை வளர்க்கும் அனுபவமும் இந்தப் பதில்களுக்குப் பின்னால் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளைக்குக் கொடுக்கும் பதில் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

என் மகன் கண் விழித்தது முதல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான். இது வழமைதானா? எங்கள் கவனத்தை இழுக்கத்தான் கேட்கிறான் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

வழமைதான். முதலில் ‘இது என்ன’, ‘அப்பா எங்கே’ என்று தொடங்கும். மூன்று வயதை ஒட்டி ‘ஏன்’, ‘எப்படி’ என்று மாறும். கவனத்தை இழுப்பதற்காகவும் சில நேரங்களில் கேட்பார்கள் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலான நேரங்களில் பிள்ளைக்குத் தேவைப்படுவது பதில்தான். 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் கவனித்துப் பதிவு செய்தது. விளக்கம் கிடைத்த பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். விளக்கம் இல்லாத பதில் கிடைத்தவர்கள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டிலும் கவனித்துப் பாருங்கள். ‘அது அப்படித்தான்’ என்று சொன்ன பிறகு வரும் ‘ஏன்’ முடிவதே இல்லை. ‘மழைத் தண்ணீர் வழிந்தோடுவதற்காகத்தான் கூரையைச் சரிவாகக் கட்டியிருக்கிறார்கள்’ என்று சொன்னால், அடுத்ததாக வரும் கேள்வி பெரும்பாலும் அந்தத் தண்ணீரைப் பற்றியதாக இருக்கும்.

கேள்விகள் அதிகமாக வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, முன்பு பேசிய சொற்களை இழந்த பிள்ளை என்றால், பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ சிறுவர் வைத்தியரையோ தாமதமின்றிப் பாருங்கள்.

பதில் எனக்கே தெரியாவிட்டால்?

‘தெரியாது. வா, பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். இதில் ‘வா, பார்ப்போம்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். கொழும்பில் வாழ்வதில் ஒரு வசதி உண்டு. கடல், துறைமுகம், தண்டவாளம், சந்தை, பறவைகள் எல்லாமே நடந்து போகும் தூரத்திலோ ஒரு பஸ் பயணத் தூரத்திலோ இருக்கின்றன. பாதிக் கேள்விகளுக்கு யன்னலைத் திறந்தாலே பதில் கிடைக்கும்.

கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைக் கரையில் நின்றால், துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் அடிவானத்தில் தெரியும். மேல்தளமும் அடுக்கிய கொள்கலன்களும் தெரியும். தூரத்துக் கப்பல்களுக்குக் கீழ்ப்பகுதி இராது. “கப்பலின் கால் எங்கே?” என்று என் மகள் கேட்டாள். கடல் நமக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் பூமியோடு சேர்ந்து வளைந்திருக்கிறது. அந்த வளைவுக்குப் பின்னால் கப்பலின் அடிப்பகுதி மறைந்துவிடுகிறது. அடிவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பார்ப்பவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவு. 30 மீட்டர் உயரத்தில், அதாவது பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், அது 20 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்துவிடும். கரையில் பார்த்த அதே கப்பலை உடனே மேலே போய்ப் பார்த்தால், மறைந்திருந்த அடிப்பகுதி தெரியும். எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று அவள் “கால் வந்துவிட்டது!” என்று கத்தியதை நான் என்றும் மறக்க மாட்டேன். பூமி உருண்டை என்று பின்னர் எந்தப் பாடநூல் சொன்னாலும், அதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இறங்கி வந்த பிறகு ஒரு தோடம்பழத்தை எடுத்து, அதன் மேல் ஒரு கடுகை நகர்த்திக் காட்டலாம். ஆனால் பழத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். கப்பலை முதலில் பார்க்கட்டும்.

உண்மையான விளக்கம் நாலு வயதுப் பிள்ளைக்கு விளங்காதே. ஏதாவது ஒரு கதையைச் சொன்னால் போதாதா?

கதை வேண்டும், நிறையவே வேண்டும். நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று அம்மம்மா சொல்லட்டும். அதே நிலாவில் முயல் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழி சொல்வாள். இரண்டையும் பிள்ளை கேட்டு மகிழட்டும். ‘இது உண்மையா, கதையா?’ என்று அது கேட்கும் நாள் வரும். அன்று ‘கதை’ என்று தயங்காமல் சொல்லுங்கள். நிலாவில் தெரியும் கறுப்புத் திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு பரவி இறுகிய சமவெளிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கதைக்கு ஒரு குறையும் வராது.

கேள்வியை முடித்துவிடுவதற்காகச் சொல்லும் பொய்யைத்தான் நான் எதிர்க்கிறேன். ‘மேகமும் மேகமும் முட்டிக்கொள்வதால் இடி இடிக்கிறது’ என்று நாம் பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். அதே நீளத்தில் உண்மையையும் சொல்ல முடியும்: ‘மின்னல் காற்றைத் திடீரென்று மிகவும் சூடாக்குகிறது, சூடான காற்று வேகமாக விரியும்போது வரும் சத்தம்தான் இடி.’ மேகம் முட்டுவதைவிட இது கடினமா? மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கொழும்பில் மாலை நேர இடிமழை அடிக்கடி வரும். அப்போது மின்னல் தெரிந்ததும் சேர்ந்து எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். ஒன்பது எண்ணிய பிறகு இடி கேட்டால் மின்னல் 3 கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியது. இடிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்த பிள்ளைகள் எண்ணத் தொடங்கியதும் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மின்னல் நெருங்குகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்த விளையாட்டை வீட்டுக்குள், யன்னலிலிருந்து விலகி இருந்துதான் விளையாட வேண்டும்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் வழமையாகக் கேட்கும் கேள்விகளுக்குச் சில பதில்கள் தருவீர்களா?

‘சூரியன் கடலுக்குள் விழுந்தால் அணைந்துவிடாதா?’ கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இது. சூரியன் கடலைத் தொடுவதில்லை. நாம் நிற்கும் பூமி சுழன்று சூரியனுக்கு மறுபக்கம் திரும்புகிறது. இதோடு விட்டுவிடாமல், சூரியன் மறையும் இடத்தை ஆண்டு முழுவதும் பாருங்கள். கடலைப் பார்த்து நின்றால், ஜூன் மாதத்தில் அது வலப்பக்கம், காலி முகத்திடல் திசைக்கு நகர்ந்து மறையும். டிசம்பரில் இடப்பக்கம், கல்கிசைத் திசைக்கு நகர்ந்திருக்கும். ஏப்ரல் 7ஐ ஒட்டிய நாட்களிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் பகல் 12.10 மணியளவில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நிழலைத் தேடி அவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதை ஒருமுறையாவது பாருங்கள்.

‘தண்டவாளத்துக்குக் கீழே ஏன் கல்?’ புகையிரதத்தின் பாரத்தைப் பரவலாகத் தரைக்குக் கொடுப்பதற்கும், மழைத் தண்ணீர் வடிவதற்கும், புல் முளைத்து மூடாமல் தடுப்பதற்கும். உருண்டைக் கற்களைப் போடாமல் உடைத்த, கூரான கற்களைப் போடுவது ஏன் என்று அடுத்ததாகக் கேட்கும். கூரான கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து சிலிப்பர் கட்டைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உருண்டைக் கற்கள் வழுக்கி ஓடிவிடும். இரண்டு கோப்பைகளில் இரண்டு வகைக் கற்களையும் போட்டு அழுத்திப் பார்த்தால் விளங்கிவிடும். இந்தக் கல்லைத் தண்டவாளத்தில் போய் எடுக்காதீர்கள். கட்டடம் கட்டும் இடத்துக்கு வெளியே கிடக்கும் சல்லி போதும். கடற்கரைக்குப் போகும் வழியில் தண்டவாளத்தைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது பற்றிய விதிக்கு ‘ஏன்’ கேட்கலாம். ஆனால் கையை விடுவதற்கு அனுமதி இல்லை.

‘குயிலுக்கு ஏன் கூடு இல்லை?’ அது காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகம் தன் குஞ்சு என்று நினைத்து வளர்க்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குயில் கூவும் நாட்களில், அதைக் காகங்கள் துரத்துவதைக் கொழும்பின் எந்த மரத்திலும் பார்க்கலாம். கறுப்பு நிறத்தில் சிவந்த கண்ணோடு இருப்பது ஆண் குயில். உடல் முழுவதும் புள்ளிகளோடு இருப்பது பெண் குயில்.

‘நுளம்பு ஏன் கடிக்கிறது?’ பெண் நுளம்பு மட்டுமே இரத்தம் குடிக்கும். முட்டையிடுவதற்கு அதற்கு அது தேவை. டெங்கு பரப்பும் நுளம்பின் கால்களில் வெள்ளை வரிகள் இருக்கும், பெரும்பாலும் பகலில் கடிக்கும், தேங்கிய தெளிந்த தண்ணீரில் பெருகும். முட்டை வளர்ந்து நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை வீட்டுப் பரிசோதகர் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பல்கனியில் மறந்துபோன பேணி எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். நெளியும் குடம்பியைக் கண்டால் காட்டட்டும், ஊற்றுவது உங்கள் வேலை. பெரியவர்களைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். கொழும்பில் இது விளையாட்டுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

‘பாண் ஆட்டோ ஏன் பாடுகிறது?’ மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்பதற்காக. ‘சூன் பாண்’ என்று அழைக்கப்படும், பாண் விற்கும் அந்த ஆட்டோக்கள் பலவற்றில் ஒலிக்கும் மெட்டு, பீத்தோவன் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பியானோவுக்காக எழுதியது. முழு இசையையும் ஒருநாள் போட்டுக் கேட்கவையுங்கள்.

வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வந்து சேரும்போது எனக்கு வாய் திறக்கவே தெம்பில்லை. அப்போதும் பதில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ‘அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இதைக் கதைப்போம்’ என்பதும் உண்மையான பதில்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு கதைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது. உடனே பதில் சொல்ல முடியாத கேள்வியை மகள் சொன்ன சொற்களிலேயே அதில் எழுதிவைக்கிறேன். தன் பேச்சு எழுத்தாவதை அவள் அருகில் இருந்து பார்க்கிறாள். எழுதிவிட்டால் பாதி அவசரம் தீர்ந்துவிடும்.

‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இப்போது பெற்றோரிடம் பரவியிருக்கிறது. நல்ல பழக்கம், அளவோடு. பிள்ளை தன் எண்ணத்தைச் சொன்ன பிறகும் நாம் பதில் சொல்லாமல் நழுவினால் அது விரைவில் கண்டுகொள்ளும்.

பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி “அந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?” என்று கேட்டுவிட்டான். வாயைப் பொத்தினேன். வேறு என்ன செய்திருக்கலாம்?

வாயைப் பொத்தினால், அந்த மனிதரைப் பார்ப்பதே பிழை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அவருக்கும் அது நோகும். மெல்லிய குரலில், ஆனால் அவருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்ற விதத்தில் சொல்லுங்கள்: ‘சிலருக்கு விபத்தில் கால் போகும், சிலருக்கு நோயால், சிலருக்குப் போரில். அவர் ஊன்றுகோலால் எவ்வளவு நன்றாக நடக்கிறார், பார்த்தாயா?’ அவர் உங்கள் பக்கம் பார்த்தால் ஒரு புன்னகை போதும். பலர் தாங்களே பிள்ளையோடு கதைக்கத் தொடங்குவார்கள். தோல் நிறம், உடல் பருமன், தெருவோரம் கையேந்தும் முதியவர் பற்றிய கேள்விகளுக்கும் இதே வழிதான். ஆளைப் பற்றிய கேள்வியை ஆளுக்கு முன்னால் சத்தமாகக் கேட்பது சிலருக்குக் கவலை தரும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு, கோபமில்லாமல் சொல்லிக்கொடுங்கள்.

தாத்தா இறந்துவிட்டார். ‘தூங்குகிறார்’ என்று சொல்லிவைத்திருக்கிறோம். இப்போது எப்போது எழும்புவார் என்று கேட்கிறாள்.

இன்றே மாற்றிச் சொல்லுங்கள். ‘தூங்குகிறார்’ என்று கேட்ட பிள்ளை, இரவில் தூங்கப் பயப்படலாம். ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்றால், சொல்லாமல் போய்விட்டாரே என்று நோகும். ‘நல்லவர் என்பதால் சாமி கூட்டிக்கொண்டு போனார்’ என்றால், நல்லவராக இருப்பதே ஆபத்தாகத் தோன்றும். சொல்ல வேண்டியது இதுதான்: ‘தாத்தா இறந்துவிட்டார். அவருடைய உடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி மூச்சு விட மாட்டார், அவருக்கு நோகாது, திரும்பி வர மாட்டார். எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.’ உங்கள் சமயம் ஆன்மாவைப் பற்றிச் சொல்வதை இதன் பிறகு, இதோடு சேர்த்துச் சொல்லலாம். இதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டாம்.

இந்த வயதில் மரணம் மீள முடியாதது என்பது ஒரேயடியாகப் பிடிபடாது. அதனால் ஒரு மாதம் கழித்தும் ‘தாத்தா நாளை வருவாரா’ என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், அதே அமைதியோடு சொல்லுங்கள். வீதியில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருப்பதையும் மதிலில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டியிருப்பதையும் பார்த்து, அவை என்னவென்று கேட்கும் நாட்கள் உண்டு. வீட்டில் துக்கம் நேராத காலத்திலேயே இவற்றைப் பற்றிக் கதைப்பதற்கு அவை நல்ல வாய்ப்பு. ‘நீயும் இறப்பாயா, அம்மா?’ என்று கேட்டால், ‘எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள். பெரும்பாலானவர்கள் மிகவும் வயதான பிறகுதான். நான் நீண்ட காலம் உன்னோடு இருப்பேன் என்று நினைக்கிறேன்’ என்று அணைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனபோது, கூரை இல்லாத வீடுகளைப் பார்த்து ஏன் என்று கேட்டான். ஐந்து வயதில் போரைப் பற்றிச் சொல்லலாமா?

அவனே பார்த்துவிட்டுக் கேட்கிறான். அதனால் சொல்ல வேண்டும். ‘இங்கே நீண்ட காலம் போர் நடந்தது. குண்டு விழுந்து வீடுகள் உடைந்தன. ஆட்கள் பயந்து வேறு இடங்களுக்குப் போனார்கள். சிலர் இறந்துபோனார்கள். இப்போது குண்டு விழுவதில்லை.’ ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். கடைசி வரி அவனுக்கு மிகவும் தேவை. பெரியவர்கள் வரலாறாகப் பார்ப்பதைப் பிள்ளை இன்றிரவு நடக்கப்போவதாக நினைக்கும்.

1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் அதைச் சொல்லும்போது குரல் மாறும். பிள்ளை அந்தக் குரலைக் கவனிக்கும். சொல்லவே கூடாது என்று அவர்களைத் தடுக்காதீர்கள். பயங்கரமான விவரங்களைப் பிள்ளை வளர்ந்த பிறகு சொல்லும்படி கேளுங்கள். அன்று கதவைத் திறந்து இடம் கொடுத்த சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் இருந்தால், அவர்களைப் பற்றி இன்றே சொல்லும்படி கேளுங்கள். நாளை காலை பூங்காவில் உங்கள் பிள்ளையோடு ஊஞ்சலைப் பகிரப் போகும் சிங்களப் பிள்ளைக்கும் ஐந்து வயதுதான். அந்தப் பிள்ளையின் மேல் சுமத்தக்கூடிய எந்தச் சொல்லும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். 26 ஆண்டுகள் நடந்த போரின் நியாய அநியாயங்களை மறைக்கச் சொல்லவில்லை. அவற்றைத் தாங்கக்கூடிய வயதில், முழுமையாகச் சொல்லுங்கள்.

‘நான் எங்கிருந்து வந்தேன்?’ இதற்கு என்ன சொல்வது?

அம்மாவின் வயிற்றுக்குள் கருப்பை என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு மிகச் சிறிய முட்டையிலிருந்து வளர்ந்தாய். பிறகு வைத்தியசாலையில் வெளியே வந்தாய். நாலு வயதுக்கு இது போதும். கோயிலில் கிடைத்தாய், தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லாதீர்கள். சிரிப்புக்காகச் சொன்னாலும் சில பிள்ளைகள் அதை இரவில் நினைத்து அழுகின்றன.

உடல் உறுப்புகளின் பெயர்களை வெட்கப்படாமல் சொல்லிக்கொடுங்கள். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், அதைச் சொல்வதற்குப் பிள்ளைக்குச் சொல் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி இலக்கம் 1929; அதை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

‘சாப்பிடாவிட்டால் பொலிஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான்’ என்று அம்மா பேரனைப் பயமுறுத்துகிறார். எப்படித் தடுப்பது?

பிள்ளைக்கு முன்னால் தடுக்காதீர்கள், தனியாகக் கதையுங்கள். புறக்கோட்டைச் சனநெரிசலில் கை நழுவிப்போன பிள்ளை யாரிடம் ஓட வேண்டும்? சீருடை அணிந்த பொலிஸ்காரரிடம். அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும்படி பழக்கிவிட்டோமானால் என்ன ஆகும்? இப்படிக் கேட்டால் பெரும்பாலான அம்மம்மாக்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நம் முதியவர்களில் சிலருக்குச் சீருடையைப் பற்றி அவர்களுடைய சொந்த நினைவுகள் இருக்கின்றன என்பதையும் மறக்காமல், பொறுமையோடு கதையுங்கள்.

வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், கீழே கடையில் சிங்களம். குழம்பிவிட மாட்டாளா?

குழம்ப மாட்டாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பது பன்மொழிப் பிள்ளைகளின் இயல்பு. பேச்சுத் தாமதத்துக்கு அது காரணம் அல்ல. ‘பாண்கார மாமா ஏன் வேறு மாதிரிக் கதைக்கிறார்?’ என்று கேட்டால், ‘அவர் சிங்களம் கதைக்கிறார், நாங்கள் தமிழ் கதைக்கிறோம். நன்றி என்பதற்கு ஸ்தூதியி என்று சொல்லிப்பார், சிரிப்பார்’ என்று சொல்லுங்கள். பஸ் பலகையில் ஒரே ஊரின் பெயர் மூன்று மொழிகளில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. ஆங்கிலம் விரைவில் வரட்டும் என்பதற்காக, சரளமாக வராத ஆங்கிலத்திலேயே வீட்டில் பிள்ளையோடு கதைக்கும் பெற்றோர் கொழும்பில் நிறையப் பேர். உங்களுக்கு முழுமையாக வரும் மொழியில்தான் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல முடியும். அது தமிழ் என்றால், தமிழில் சொல்லுங்கள்.

கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போடுகிறாள். டோர்ச், கடிகாரம், ரிமோட். தடுப்பதா, விடுவதா?

பழுதான பொருட்களை ஒரு பெட்டியில் போட்டு, ‘இது உன்னுடையது’ என்று கொடுங்கள். மின்கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, மின்கலங்களை அகற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். குழல்விளக்கு, தொலைக்காட்சி, மைக்ரோவேவ் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

பொத்தான் மின்கலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரிமோட், பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை இவற்றுக்குள் இருக்கும் அந்தச் சிறு வட்டத்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்காமல் உடனே பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கோ கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாடிவீடுகளில் பல்கனிக் கம்பிக்கு அருகே கதிரையோ பூச்சாடியோ வைக்காதீர்கள். ஆர்வமுள்ள பிள்ளை அதில் ஏறியே தீரும்.

புதிய பொம்மை வாங்கினால், எப்படி இயக்குவது என்று உடனே செய்து காட்டாதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பொம்மையின் ஒரு வேலையை ஆசிரியர் மாதிரி செய்து காட்டியபோது பிள்ளைகள் பெரும்பாலும் அதையே செய்தார்கள். தற்செயலாகக் கண்டதுபோல் காட்டியபோது, அதற்குள் ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் கூடுதலாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கைபேசியிடம் கேட்டால் உடனே பதில் சொல்கிறதே?

சொல்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை எதைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டது என்பது அதற்குத் தெரியாது. படம் காட்டவும் குயிலின் குரலைக் கேட்கவைக்கவும் நீங்கள் அருகில் இருந்து பயன்படுத்துங்கள். இரண்டு முதல் நாலு வயது வரை, திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தை மீறக்கூடாது என்பது 2019இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டல். குறைந்தால் இன்னும் நல்லது.

விடுமுறை நாளில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? அதிகம் செலவழிக்க முடியாது.

காலி முகத்திடலுக்கு. 1859இல் அந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்வெட்டு வைத்தார். உங்கள் பிள்ளைக்காக விடப்பட்ட இடம் என்று தயங்காமல் போங்கள். பட்டம் ஏற்றி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பேரே வாவியில் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். தண்ணீர் ஏன் பச்சை என்று கேட்டால், கழிவுநீரிலுள்ள சத்துகளை உண்டு பெருகிய நுண்ணிய பாசிகள் என்று சொல்லுங்கள். கழிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும், அதையும் சொல்லுங்கள். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாதீர்கள். ஒரு கூடம், பிறகு எதிரிலுள்ள விகாரமகாதேவி பூங்கா. பூங்காவுக்கு அருகே பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கும் நூலகம் உண்டு. தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனால், ‘இந்த மிருகம் ஏன் கூட்டுக்குள் இருக்கிறது?’ என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். பிள்ளை உண்மையாகவே கவலைப்பட்டால் அந்தக் கவலையை மதியுங்கள்.

பிள்ளை எறும்பு வரிசையைப் பார்த்து நின்றுவிட்டால், போக வேண்டிய இடத்தை மறந்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு போகும் பெற்றோரைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

‘உங்கள் பிள்ளை கேள்வி கேட்டு வகுப்பைக் குழப்புகிறது’ என்று முன்பள்ளி ஆசிரியை சொல்கிறார். பிள்ளையைக் கண்டிப்பதா?

கேள்வி கேட்டதற்காகக் கண்டிக்காதீர்கள். ஆசிரியையிடம் கோபப்படவும் வேண்டாம். இருபது பிள்ளைகளை ஒருவராகப் பார்க்கும் ஆசிரியைக்கு, கதை சொல்லும்போது நடுவில் வரும் பத்தாவது கேள்வி எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் கேட்கிறாள், எதைப் பற்றிக் கேட்கிறாள், என்ன பதில் கிடைக்கிறது என்று அவரிடம் விசாரியுங்கள். கதை முடியும்வரை காத்திருப்பது, கையை உயர்த்துவது, கேள்வியை மனதில் வைத்திருப்பது ஆகியவற்றை வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். விளையாடப் போகும் நேரத்திலோ வீட்டுக்குப் புறப்படும் நேரத்திலோ அவளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் சம்மதிப்பார்கள்.

சம்மதிக்காமல், ‘இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்லோரும் ஒழுங்காக எழுதுகிறார்கள்’ என்று பெருமையோடு ஒரு முன்பள்ளி சொன்னால், தரம் 1க்குப் போக இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் வேறு முன்பள்ளி தேடுங்கள். புதிய இடத்துக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், அவள் கேட்கும் முதல் கேள்விக்கு அங்குள்ள ஆசிரியை குனிந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.